புள்ளி வைத்த அடாப்டர்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் வீட்டு டீச்சரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? கண்ணாடி உருக்கும் பர்னர் சூட்டில் வெடித்துப்போன விரல்களுக்கு நான் அனுப்பிய களிம்பைத் தடவுகிறாயா, இல்லை டப்பாவை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டான். எங்கள் ஆய்வகத்தில் வாசனை எண்ணெய் காய்ச்சி வடிக்கும் கருவிக்கு, ஆவியைக் குளிரவைக்கும் புது கண்டென்சர் வாங்க வேண்டியிருந்தது. ஆர்டர் எழுதியவன் நான். எங்கள் குடுவைகளின் வாய் எல்லாம் இருபத்துநாலு மில்லிமீட்டர். நான் எழுதியது பத்தொன்பது. ஏன் என்று கேட்காதே. பக்கத்தில் யாரோ பேச்சுக் கொடுத்தார்கள், கை தானாக எழுதிவிட்டது. இப்போது கண்டென்சரின் கூம்பு முனை, அதான் கோன், குடுவை வாயின் சாக்கெட்டுக்குள் விழுந்து லொடலொடவென்று ஆடுகிறது.

பதினான்காம் தேதி ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் முன்னால் நான்தான் பம்பால் காற்றை உறிஞ்சி, வாக்குவத்தில் காய்ச்சிக் காட்ட வேண்டும். ஆறு வருஷமாகத் தற்காலிகம். இந்தத் தடவை நிரந்தரம் என்று மேலாளர் வாய் திறந்து சொல்லியிருக்கிறார். கண்டென்சர் விஷயம் தெரிந்தால் திறந்த வாயை மூடிக்கொள்வார். மாற்றி வாங்க ஒரு மாதம் ஆகும்.

அதனால் எனக்கு ஒரு அடாப்டர் வேண்டும். கீழே குடுவைக்குள் போக இருபத்துநாலு கோன். மேலே கண்டென்சரை வாங்கிக்கொள்ளப் பத்தொன்பது சாக்கெட். பதின்மூன்றாம் தேதிக்குள் என் கையில் இருக்க வேண்டும். கடைகளில் கேட்டுவிட்டேன், இல்லை. எனக்கு நீ ஒருத்திதான்.

புள்ளி வைக்க மறக்காதே. அம்மா போன பிறகு பள்ளிக்கூடம் விட்டு நேரே உன் பட்டறைக்குத்தானே வருவேன். ஓவனில் ஒரு ராத்திரி முழுக்க மெல்ல ஆறி வந்த சாமானை நீ விளக்குப் பெட்டிக்குள் வைப்பாய். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓட்டையில் எட்டிப் பார்ப்பேன். இருட்டாகத் தெரிந்தால் கண்ணாடி நன்றாக ஆறியிருக்கிறது. வெள்ளைக் கோடு தெரிந்தால் உள்ளே இறுக்கம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் தெறிக்கும். இருட்டாக இருந்தால் மட்டும் நீ வைரப் பென்சிலால் அளவு எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பாய். "புள்ளி இல்லாத சாமானைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்று மிரட்டுவாயே. மற்ற பட்டறைக்காரர்கள் யாரும் வைப்பதில்லை. ஆனாலும் எந்தக் கண்ணாடியை எடுத்தாலும் நான் இன்னும் புள்ளியைத்தான் தேடுகிறேன்.

திட்டுவதை எல்லாம் கடிதத்தில் எழுதி, சாமானோடு சேர்த்து அனுப்பு. இரண்டையும் வாங்கிக்கொள்கிறேன்.

உன்
முட்டைக்கண்ணன்

*

ஜனவரி 9

முட்டைக்கண்ணனுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் வரும்வரை நலமாகத்தான் இருந்தேன். டீச்சருக்கு இருமல் விட்டதா? அவளையாவது ஒழுங்காக இருக்கச் சொல். உன்னைச் சொல்லிப் பயனில்லை.

அவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு இருபத்துநாலுக்கும் பத்தொன்பதுக்கும் வித்தியாசம் தெரியவில்லையா? உன்னைப் பெற்ற அம்மா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். நான் வளர்த்தவள், அதனால் உன் தலையில் அடிக்க வேண்டும் போல் இருக்கிறது.

கடிதம் நேற்று மாலைதான் கைக்கு வந்தது. இன்று காலை முதல் வேலையாக பர்னரைப் பற்ற வைத்துச் செய்தேன். முதலாளி வந்து நின்றார். "என்னம்மா, விடிஞ்சதும் விடியாததுமா தனி வேலை?" என்றார். "வீட்டுல ஒரு ஓட்டைங்க, அடைக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். இதைத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டேன்.

பார்சல் வண்டி நாலு மணிக்கு. அதை விட்டால் திங்கட்கிழமைதான், உன்னிடம் வந்து சேரப் பதினைந்தோ பதினாறோ ஆகிவிடும். பஞ்சில் சுற்றி, மரத்தூளில் புதைத்து அனுப்புகிறேன்.

கோனின் மேல் பாதிக்கு மட்டும் கிரீஸ் தடவு. கண்டென்சரை ஸ்டாண்டில் தனியாகப் பிடித்து நிறுத்து, அதன் பாரம் அடாப்டர் மேல் விழக் கூடாது. மெதுவாகச் சூடேற்று. பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள். இதெல்லாம் உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

நிரந்தரம் ஆனதும் அன்றைக்கே எழுது. உன் நலத்தை விட அந்தச் செய்திக்குத்தான் காத்திருப்பேன் என்று நினைத்துக்கொள், அப்போதுதான் சீக்கிரம் எழுதுவாய்.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா, உண்மையிலேயே நலமா?

ஆறு வாரம் ஆகிறது. நடுவில் ஒரு கார்டு போட்டேன், அதற்கும் பதில் இல்லை. நிரந்தரம் ஆகவில்லை என்றால் ஆகவில்லை என்று எழுது. உன் அக்கா உன்னை வேலைக்கு வைத்துக்கொள்வாள், மரத்தூள் சலிக்க ஆள் இல்லாமல் தவிக்கிறோம். ஆகிவிட்டது என்றால் பெரிய மனுஷன் ஆகிவிட்டாய், அதையாவது எழுது.

இன்னொரு விஷயம். அந்த அடாப்டரைக் கொஞ்சம் திருப்பி அனுப்புகிறாயா? வேறொருவர் அதே மாதிரி கேட்கிறார். அளவு குறித்து வைக்க மறந்துவிட்டேன். ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அவசரம்தான். இந்தக் கடிதம் கண்டதும் கழற்றி அனுப்பு.

பதில் வராவிட்டால் நானே கிளம்பி வருவேன். இரண்டு நாள் பயணம், முதலாளியிடம் லீவு கேட்டுத் தொங்க வேண்டும், என்னை அந்தப் பாடு படுத்தாதே.

அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதுகிறாள். விரலில் சின்ன வெட்டு, கட்டுப் போட்டிருக்கிறது, பேனா பிடிக்க வரவில்லை. இதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

நல்ல செய்தி. வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. ஆணை கைக்கு வந்துவிட்டது. மேலாளர் நேரிலேயே வந்து கொடுத்தார். நீ அனுப்பிய அடாப்டர் சரியாகப் பொருந்தியது, துளி ஆட்டம் இல்லை. அதைத் தினமும் உபயோகிக்கிறோம், கழற்றி அனுப்ப முடியாது. அளவை வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன்.

நீ இப்போது வர வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், உட்கார இடமில்லை. கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

வேலை நிரந்தரம் ஆனதைப் படித்ததும் அழுதுவிட்டேன். பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். முதலாளி, "ஓட்டை அடைஞ்சிடுச்சு போல" என்றார்.

விரல் எப்படி இருக்கிறது? எந்த விரல்? நீ 'முட்டைக்கண்ணன்' என்று போடாமல் 'தம்பி' என்று முடித்ததை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. டீச்சரிடம் அந்தப் பெயரைச் சொல்ல வெட்கமா?

இப்போது நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு உடனே செய். அந்த அடாப்டரைக் கழற்று. நாளைக்கு அல்ல, படித்த அந்த நிமிஷம்.

அளவு குறிக்க மறந்தேன் என்று எழுதியது பொய். அன்றைக்கு அதை நான் ஓவனில் வைக்கவில்லை. வைத்திருந்தால் மறுநாள்தான் எடுத்திருக்க முடியும், வண்டி போயிருக்கும். பர்னரிலேயே சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஆற வைத்தேன். சாதாரண வேலைக்கு அது போதும், வாக்குவத்துக்குப் போதாது. எனக்குத் தெரியும். உனக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிவிடலாம், ஆய்வு முடிந்ததும் ஒழுங்காக ஓவனில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு வெட்கத்தில் நாள் கடத்திவிட்டேன்.

தினமும் உபயோகிக்கிறோம் என்று நீ எழுதியதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு மாதம் அது தாங்கியது உன் நல்ல நேரம். இனிமேல் ஒரு நாளும் வேண்டாம். புதிதாக ஒன்று செய்து, ஓவனில் போட்டு, வேண்டிய நேரம் ஆற விட்டு அனுப்புகிறேன். அதுவரை வேலை நின்றால் நிற்கட்டும்.

கழற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுது. டீச்சர் கையால் எழுதினாலும் சரி.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. நீ வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இப்போது என் கையாலேயே எழுதுகிறேன், பார். வரி கொஞ்சம் மேலே ஏறுகிறது, கவனிக்காதே.

புதியது செய்யும்போது சின்ன மாற்றம் ஒன்று வேண்டும். சாக்கெட்டின் வாயைச் சுற்றிலும் கொஞ்சம் விரித்து, புனல் மாதிரி செய்ய முடியுமா? கோனின் கீழ் விளிம்பில் நிறக் கண்ணாடியால் ஒரு வளையம் போட முடியுமா? நீலமோ சிவப்போ, எதுவானாலும் பளிச்சென்று தெரிய வேண்டும். இங்கே புதிதாக ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறார். கைப்பழக்கம் போதாது. அவருக்கு மாட்டச் சுலபமாக இருக்கும்.

அவசரம் இல்லை. நிதானமாகச் செய்.

தம்பி

*

ஏப்ரல் 10

அன்புள்ள டீச்சருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை. இந்தக் கடிதத்தை உன் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன், அவன் கையில் சிக்கக் கூடாது.

நேற்று அவன் கேட்ட அடாப்டரைச் செய்ய உட்கார்ந்தேன். முதலில் கோனின் விளிம்பில் நீல வளையம். அப்புறம் சாக்கெட்டின் வாயை விரித்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன், இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. கைப்பழக்கம் இல்லாதவர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். உடைந்துவிடும் என்று பயந்து, கனமாகச் செய்யச் சொல்வார்கள். விளிம்புக்கு நிறம் கேட்க மாட்டார்கள். விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்குத்தான் நிறம் வேண்டும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாதவருக்குத்தான் வாய் விரிந்திருக்க வேண்டும்.

பர்னரைக் குறைத்துவிட்டு, மேஜையில் இருந்த பழைய கோன் ஒன்றையும் சாக்கெட் ஒன்றையும் எடுத்து வைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோனை சாக்கெட்டுக்குள் செருகப் போனேன். இரண்டு விரல்கடை தள்ளிக் காற்றில் குத்தினேன். மறுபடியும் செய்தேன், மறுபடியும் காற்று. மூன்றாவது தடவை விளிம்பில் இடித்து ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. தூக்கத்தில் கூடத் தவறாமல் மாட்டுகிற கை இது. பக்கத்து பர்னர்காரர், "என்னக்கா, கண்ணுல தூசியா?" என்றார். "ஆமா" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனேன்.

விரல் வெட்டு என்று அவன் சொல்லி நீ எழுதினாய். உன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

எந்தக் கண், டீச்சர்?

அக்கா

*

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கண்.

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். மூன்று மாதமாக நான் யாரிடமும் அழவில்லை. அன்று எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். சொல்லிவிடுகிறேன் அக்கா, இதற்கு மேல் என்னால் மறைக்க முடியாது.

ஜனவரி பதின்மூன்று, மத்தியானம். மறுநாள் ஆய்வு என்பதால் ஒரு தடவை ஒத்திகை பார்த்திருக்கிறார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் கொதிக்க ஆரம்பித்ததும், சொட்டு விழுகிறதா என்று குனிந்து பார்த்தாராம். பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்து மறைத்ததால் துடைப்பதற்காக நெற்றிக்கு மேல் தூக்கியிருக்கிறார். அந்த நேரத்தில் அடாப்டர் நடுவில் விட்டுப்போய் எல்லாம் சிதறியது. கன்னத்தில் இருந்த சூட்டுக் காயம் ஆறிவிட்டது. கண்ணைக் காப்பாற்ற இரண்டு தடவை அறுவை செய்தார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவர் பேசிய முதல் பேச்சு, "அக்காவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ பர்னர் முன்னாடி உட்கார மாட்டா. அதை விட்டா அவளுக்கு வேற என்ன இருக்கு?" என்பதுதான். என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். மேலாளரிடம், கண்ணாடியைப் பிடிக்கும் கிளாம்பைத் தானே அதிகமாக முறுக்கிவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அவரும் மனம் இளகி நிரந்தர ஆணையை ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தார். ஆனால் ஆய்வக மேஜை இல்லை. ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. தினமும் சாயங்காலம் வீட்டில் இரண்டு டம்ளர் வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றிப் பழகுகிறார். மேஜை முழுக்கத் தண்ணீர். நான் துடைக்கப் போனால் கோபம் வருகிறது. மறுபடியும் ஆய்வக மேஜைக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும். நீங்கள் இப்போது செய்கிற அடாப்டர் அதற்காகத்தான்.

உடைந்ததில் ஒரு சின்னத் துண்டை மட்டும் யாரிடமோ கேட்டு வாங்கி, மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறார். "எதுக்குங்க இது? தூக்கிப் போடுங்க" என்றேன். "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நீங்கள் மார்ச்சில் எழுதிய கடிதத்தை அவர் எனக்குக் காட்டவில்லை. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பயமாக இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவரிடம் சொல்லிவிடப் போகிறேன். அவருக்குத் தெரியாமல் உங்களுக்கு எழுத இந்த ஒரு தடவைதான் தைரியம் வந்தது.

தம்பி மனைவி

*

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை இதைப் பொய்யாக எழுதவில்லை. காயம் ஆறிவிட்டது, வலி இல்லை. ஒரு கண்ணால் உலகத்தில் முக்கால்வாசி நன்றாகவே தெரிகிறது. படிக்கட்டு மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்.

டீச்சர் எழுதிய பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. இரண்டு கடிதம் போட்டேன். கடைசியில் உன் முதலாளிக்கே எழுதிக் கேட்டேன். நீ பர்னரை அணைத்துவிட்டு, பேக்கிங்கில் உட்கார்ந்து பஞ்சு சுற்றிக்கொண்டிருப்பதாகவும், யாரிடமும் பேசுவதில்லை என்றும் பதில் எழுதியிருந்தார். இதற்குத்தான் அக்கா நான் பயந்தேன்.

நான் சொல்வதை நிதானமாகப் படி. பழி உன் மேல் இல்லை. பார்சலைப் பிரித்ததும் நான் முதலில் தேடியது புள்ளியைத்தான். அடாப்டரில் புள்ளி இல்லை. அளவு மட்டும் எழுதியிருந்தாய், பக்கத்தில் வெறுமையாக இருந்தது. ஓவனுக்குப் போகாத சாமான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நீ ஒன்றையும் ஒளிக்கவில்லை. புள்ளி வைக்காமல் அனுப்பியதே என்னை எச்சரித்ததுதான். எனக்கு வேலைதான் பெரிதாகத் தெரிந்தது, தெரிந்தே மாட்டினேன். பாதுகாப்புக் கண்ணாடியைத் தூக்கியதும் நான்தான். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை.

ஆகையால் எழுந்து போய் பர்னரைப் பற்ற வை. நான் கேட்ட அடாப்டர் பாதியில் நிற்கிறது.

தம்பி

*

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அதைப் படித்த அன்று முழுக்க எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஒருவேளை நான் வைக்கவில்லையோ, அவசரத்தில் விட்டுப் போயிருக்குமோ என்று என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் பட்டறைக்குள் நுழைந்து வைரப் பென்சிலைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

புள்ளி இருந்ததடா. நான்தான் வைத்தேன்.

ஓவனில் வைக்கவில்லை என்று மட்டும்தான் மார்ச்சில் எழுதினேன். மீதியை விழுங்கிவிட்டேன். அன்று வண்டிக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். கோனும் சாக்கெட்டும் சேர்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு, தலைமுடி அளவுக்கு. பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினேன். மணி மூன்றரை. புள்ளி இல்லாமல் அனுப்பினால் நீ மாட்ட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். மாட்டாவிட்டால் உன் வேலை போகும். ஆறு வருஷம் போகும். ஒரு தடவைதானே, தாங்கிவிடும் என்று நினைத்தேன். பென்சிலை எடுத்தேன். புள்ளியை ரொம்ப அழகாக வைத்தேன், அது கூட நினைவிருக்கிறது.

இருபத்தெட்டு வருஷத்தில் நான் வைத்த ஒரே பொய்ப் புள்ளி அது. அதை வேறு யாருக்கும் வைக்கவில்லை, உனக்கு வைத்தேன்.

எனக்காக நீ கட்டிய கதை நன்றாகத்தான் இருந்தது. சின்ன வயதிலும் இப்படித்தான் கட்டுவாய், நான் நம்புகிற மாதிரி நடிப்பேன். இப்போது நடிக்கத் தெம்பில்லை. நீ ஒரு துண்டை டப்பாவில் வைத்திருப்பதாக டீச்சர் எழுதியபோதே, அதில் அந்தப் புள்ளி இருக்கிறது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

போன வாரம் பர்னர் முன்னால் உட்கார்ந்தேன். நீ கேட்டதை முடித்துவிட்டேன். ஓவனில் இரண்டு தடவை போட்டு எடுத்தேன். விளக்கில் பார்த்தேன், முழு இருட்டு. புள்ளி வைக்கப் போனேன், கை வரவில்லை. அப்படியே பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.

எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம், கொடுத்தாலும் வைத்துக்கொள்ள என்னிடம் இடமில்லை. ஒரு உண்மை மட்டும் வேண்டும். அன்றைக்குப் பார்சலைப் பிரித்து, அந்தப் புள்ளியைப் பார்த்தாயா?

அக்கா

*

ஜூன் 11

அக்கா,

பார்த்தேன்.

உன் கடிதத்தில் 'இன்று காலை' செய்தேன் என்றும், நாலு மணி வண்டியில் அனுப்புகிறேன் என்றும் எழுதியிருந்தாய். அதையும் படித்தேன். ஓவனுக்கு ஒரு ராத்திரி வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? கணக்கு உதைத்தது. கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு, அடாப்டரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளி இருந்தது. இரண்டில் புள்ளியைத்தான் நம்பினேன்.

நீ உண்மையைக் கேட்டாய். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நான் உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் விரலும் இல்லை, கட்டும் இல்லை. கோபம். டீச்சரிடம் சத்தியம் வாங்கியது உனக்காகத்தான், ஆனால் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வைத்தது கோபத்தில். தினமும் திறந்து பார்ப்பேன். உன் கார்டு வந்தபோது படிக்காமல் கிழித்துப் போட்டேன். இப்போதும் கோபம் இருக்கிறது. குறைந்திருக்கிறது, போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது அடுத்த பொய், நம் இரண்டு பேருக்கும் இதுவரை சொன்னது போதும்.

அந்தக் கோபத்தோடுதான் கூப்பிடுகிறேன். கிளம்பி வா. வெள்ளையடிப்பது எல்லாம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. டீச்சர் உனக்கு அறையை ஒழித்து வைத்துவிட்டாள். உன் மார்ச் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். படித்த மறுநாள் "அக்கா எப்ப வர்றாங்க?" என்று கேட்டாள்.

'முட்டைக்கண்ணன்' என்று கையெழுத்துப் போட இன்னும் மனது வரவில்லை. நீ வந்து வாசலில் நின்று அப்படிக் கூப்பிடு. திரும்பிப் பார்க்கிறேனா என்று அப்போது தெரியும்.

புது அடாப்டரை எடுத்துக்கொண்டு வா. அதில் புள்ளி வைக்க வேண்டாம். விளக்குப் பெட்டியையும் முதலாளியிடம் கேட்டுக் கொண்டு வா. இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன். அந்த ஓட்டையில் பார்க்க எப்போதுமே ஒரு கண்தானே வேண்டும்.

தம்பி